பரணிலிருந்து இறங்கிய ஊர்

நவராத்திரி வந்தால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் மண் பொம்மைகள் நடைபாதைக்கு வரும். வீடுகளில் பரண் காலியாகும். சித்திரகுளம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சென்ற ஆண்டு கடைசி கொலு. தை பிறந்ததும் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். அதனால் பொம்மைகளோடு பரணில் கிடந்த எல்லாவற்றையும் இறக்கினோம்.

தசாவதார செட்டுக்கு அடியில், பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு கேம் பாய். அதில் செருகியபடி ஒரு சிவப்புக் கேசட். 1999-ல் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா அண்ணாவுக்கு வாங்கி வந்த 'போக்கிமான் ரெட்'.

இரண்டு பென்சில் பேட்டரி போட்டதும் திரை உயிர் பெற்றது. அண்ணா பெயர், எட்டு பேட்ஜ், 112 மணி நேரம். இருபத்தைந்து ஆண்டுக்கு முன் அவன் விட்ட இடம் அப்படியே இருந்தது!

"அம்மா, பழைய ஜப்பான் கேமுக்கெல்லாம் இப்ப செம விலை. 2021-ல அமெரிக்காவுல பிரிக்காத ஒரு மரியோ கேசட் 15 லட்சம் டாலருக்கு மேல போச்சு" என்றான் என் மகன்.

என்னதான் விலை என்று பார்த்துவிடலாமே என்று சனிக்கிழமை கிளம்பினோம்.

முதலில் தி.நகர். தாம்பூலத்துக்கு ரவிக்கைத் துணி வாங்க வேண்டியிருந்தது. பாண்டி பஜாரில் நடக்கும்போது, தொண்ணூறுகளில் நாங்கள் ஆசைப்பட்டு வாங்கிய டிவி கேம் ஞாபகம் வந்தது. ஒரே கேசட்டில் 64 விளையாட்டு; மரியோ, கான்ட்ரா. கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. ஜப்பானில் 1986-ல் 'டிராகன் குவெஸ்ட்', 1987-ல் 'ஃபைனல் ஃபேன்டஸி' என்று மாதக்கணக்கில் ஆடும் கதை விளையாட்டுகள் வந்துவிட்டன. நாமே நாயகனாகி, ஊர் ஊராகப் போய் வளர வேண்டும். அவை எங்கள் டிவி கேமுக்கு வந்து சேரவேயில்லை. விட்ட இடத்தை ஞாபகம் வைக்க உள்ளே பேட்டரி வேண்டும். மலிவுக் கேசட்டில் அது ஏது? எங்கள் தெருவில் அந்த மாதிரி விளையாட்டு வந்ததெல்லாம் வெளியூர் உறவுகளின் சூட்கேஸ் வழியாகத்தான்.

போக்கிமானும் அந்த வகைதான். 1996-ல் ஜப்பானில் வந்தது. உருவாக்கிய சதோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி சேகரித்தவர். தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்த நமக்கு அது புரியாதா என்ன!

அங்கிருந்து அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. வழக்கமான ஸ்க்ரூ டிரைவர் நுழையாத திருகு அது. பொருத்தமானதைத் தேடி எடுத்துத் திறந்தார் கடைக்காரர். உள்ளே நாணயம் போல ஒரு பேட்டரி, தகட்டோடு பற்றவைத்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் உசுரு இருக்கும்மா. பத்து நிமிஷத்துல மாத்திடலாம். ஆனா சேவ் பண்ணதெல்லாம் போயிடும். மாத்தலைன்னாலும் ஒருநாள் போயிடும்."

சாலிடரிங் கம்பி சூடாகிக்கொண்டிருந்தது. "வேண்டாம், மூடிடுங்க" என்றேன்.

மாலை அடையாறு இந்திரா நகர். என் தோழியின் தம்பி இவற்றைச் சேகரிப்பவர். விளக்கடியில் கேசட்டைச் சாய்த்துப் பார்த்தார். "லேபிள்ல லேசா அழுத்தின எண் தெரியுது பாருங்கக்கா. போர்டுலயும் நிண்டெண்டோன்னு இருக்கு. ஒரிஜினல்தான்" என்றார். பெட்டி, கையேடு இரண்டும் இருந்தால்தான் நல்ல விலையாம். குழந்தைகள் முதலில் கிழித்து எறிவது பெட்டியைத்தானே, அதனால் அதுவே அரிது. எங்களுடையதில் பெட்டி இல்லை. லேபிள் ஓரத்தில் அண்ணா பேனாவால் பெயர் வேறு எழுதி வைத்திருக்கிறான். "சில ஆயிரம் கிடைக்கும்" என்றார்.

"உள்ளே இருக்கிற 112 மணி நேரத்துக்கு?"

சிரித்தார். "வாங்கறவங்க அதை அழிச்சுட்டுத்தான் ஆடுவாங்க."

பிறகு ஒரு சின்னக் கருவியில் கேசட்டைச் செருகி, சேவ் ஆனதைக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்தார். பேட்டரியை மாற்றி, நகலைத் திரும்ப உள்ளே ஏற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, கொலுவுக்கு வருவதாகச் சொன்னார்.

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களோடு கேம் பாயையும் அடுக்கினேன். விஜயதசமி காலையில் மகன் எடுத்து ஆடத் தொடங்கினான். கதை ஆரம்பிக்கும் சிற்றூருக்குத் திரும்பிப் போனான். அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டே வீடு. ஒன்று நாயகனுடையது. இன்னொன்று அவனோடு எப்போதும் மல்லுக்கு நிற்கும் போட்டியாளனுடையது. அந்தப் போட்டியாளனுக்கு ஆடுபவரே பெயர் வைக்கலாம்.

"அம்மா, இந்த போர்டைப் பாரு!"

'குட்டியின் வீடு' என்று ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் என்னைக் குட்டி என்று கூப்பிட்டவன் அண்ணா ஒருவன்தான்.

வீட்டை விற்கும் பேச்சு வந்த நாளிலிருந்து எனக்கும் சியாட்டிலில் இருக்கும் அண்ணாவுக்கும் கையெழுத்து, பத்திரம் தவிர வேறு பேச்சில்லை. திரையைப் படமெடுத்து அனுப்பினேன். அங்கே இரவு. ஐந்தே நிமிடத்தில் போன் வந்தது.

"குட்டி, பக்கத்து வீடு என்னோடது. அதையும் பார்த்தியா?"