சோலைத் தரையில் ஒரு பாசி

கொடைக்கானல் போகிறவர்கள் ஏரியையும் பைன் காட்டையும் பார்த்துவிட்டு இறங்குவார்கள். நான் போனது பாசி பார்க்க. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருந்த ஒரு காலையில், வனத்துறை அனுமதி பெற்று, வனக்காவலர் ஒருவருடன் சோலைக்குள் நுழைந்தேன்.

காட்டுக்கு வெளியே, வெயில் படும் மண்சரிவில், போகோனாட்டம் என்ற பாசி விறைப்பாக நிமிர்ந்து நின்றது. அதன் இலையின் மேற்புறத்தில் மெல்லிய பச்சைத் தகடுகள் நெருக்கமாக எழுந்திருக்கும். பெரும்பாலான பாசிகளுக்கு அந்தத் தகடுகள் கிடையாது. அவற்றின் இலை ஒற்றைச் செல் அடுக்குதான். வேரும் இல்லாததால் மழையையும் மூடுபனியையும் உடல் முழுவதாலும் குடித்து வாழ்கின்றன. காற்று உலர்ந்தால் சுருங்கிக் காத்திருந்து, ஈரம் பட்டதும் மீண்டும் விரிகின்றன.

நான் தேடியது ரோடோபிரையம் ஜைகான்டியம் என்ற பாசியை. "ஓடைப் பக்கம் பாருங்க சார், மேட்டுல இருக்காது" என்றார் காவலர். அவர் காட்டிய இடத்தில், மட்கிய சருகின் மேல், நிழலில், விரிந்த ரோஜாவைப் போலப் பச்சை இலைவட்டங்கள் தனித்தனியே நின்றன. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலம். தனிச்செடிகளாகத் தெரிந்தாலும், மண்ணுக்குள் ஓடும் தண்டிலிருந்து எழுந்த கிளைகள் அவை.

பறிக்காமல், மண்டியிட்டுக் கைலென்ஸை இலைநுனிக்கு அருகில் கொண்டுபோனேன். மேல்விளிம்பில் பற்கள் இரண்டிரண்டாக இருந்தன. இதன் நெருங்கிய உறவான ரோடோபிரையம் ரோசியத்தில் அவை ஒற்றையாக இருக்கும். இலைவட்டமும் அதில் சிறியது. சந்தேகம் தீர்ந்தது. ஆனால் பற்களைப் பார்க்கும் முன்பே ஓடையும் நிழலும் மட்கிய மண்ணும் பாதி விடையைச் சொல்லியிருந்தன.

கொடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் வாழ்ந்த பிரெஞ்சு யேசு சபைத் துறவி ஃபோரோ, பழனி மலையின் பாசிகளைத் திரட்டி, 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் பட்டியலிட்டார். பாசி தேடி இந்த மலைக்கு வருகிற எவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

திரும்பும் வழியில் பைன் தோப்பைக் கடந்தோம். உலர்ந்த ஊசியிலைகள் மூடிய தரையில் ரோடோபிரையம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. மரம் நட்டுவிட்டால் சோலை வந்துவிடாது. மூடுபனியைப் பிடித்துவைக்கும் கிளைகளும், வற்றாத ஓடையும், மிதிபடாத மட்கும் சேர்ந்ததுதான் சோலை. ஆகவே சோலைக்குப் போகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பாதையை விட்டு விலகாதீர்கள், ஒரு பாசியையும் பெயர்த்தெடுக்காதீர்கள். பெயர் தெரிந்துகொள்ள ஒரு லென்ஸும் கொஞ்சம் பொறுமையும் போதும்.