கிடங்கின் கணக்கும் ஜன்னல் வரிசையும்

லாரியிலிருந்து இறங்கிய அட்டைப் பெட்டிகள் நேராக ரேக்குக்குப் போகவில்லை. காவிரிக் கரை மாவட்டம் ஒன்றில், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மருந்துக் கிடங்குக்குள் போனதும் நான் முதலில் கவனித்தது அதைத்தான். கிடங்கில் தனியாக ஒதுக்கிய ஓர் இடத்தில் அவற்றை அடுக்கினார்கள். சுமை இறக்கும் தொழிலாளி ஒருவர் பெட்டியைத் திருப்பிக் காட்ட, மருந்தாளுநர் பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் வாய்விட்டுப் படித்தார். பக்கத்திலிருந்த இளைஞர் பதிவு செய்துகொண்டார்.

"இதுல ஒரு அட்டையக்கூட இன்னைக்கு வெளிய குடுக்க முடியாது சார். டெஸ்ட் ரிப்போர்ட் வரணும்" என்றார் மருந்தாளுநர்.

அந்த ரிப்போர்ட் வரும் வழி தெரிந்துகொள்ள வேண்டியது. வந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்துச் சென்னை எழும்பூரில் உள்ள தலைமையகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே கம்பெனியின் பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் போட்டு, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். சோதிக்கிறவருக்கு அது யாருடைய மருந்து என்று தெரியாது. தேறியது என்று முடிவு வந்த பிறகுதான் அந்த பேட்ச், கொடுக்கத் தக்க இருப்பாகக் கணக்கில் மாறுகிறது. அதுவரை மருந்து கண்ணெதிரே மலையாகக் குவிந்திருந்தாலும் வழங்கல் பட்டியலில் அதற்கு இடமில்லை. யாருடைய சிபாரிசும் செல்லாத இடத்தில் அந்த முடிவை வைத்திருக்கிறார்கள் என்பதால் எனக்கு இந்த ஏற்பாட்டின்மேல் பெரிய மரியாதை.

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் இந்தக் கழகம் 1994 ஜூலையில் பதிவாகி, 1995 ஜனவரியில் மருந்து வழங்கத் தொடங்கியது. முதல் நிர்வாக இயக்குநர் பூர்ணலிங்கம் ஐ.ஏ.எஸ். மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில் டெண்டர், மாவட்டங்களில் கிடங்கு, கிடங்குகளின் இருப்பைத் தலைமையகம் கணினி வழியே பார்ப்பது என்ற மூன்றையும் ஆரம்பத்திலேயே சேர்த்துக் கட்டினார்கள். பிற்பாடு கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன.

கணினி அறை சின்னது. ஏ.சி. ஓடியது, இரண்டு மேசைகள், ஒரு பிரின்டர். கிடங்கு அலுவலர் ஒரு மருந்தின் பெயரைத் தட்டியதும் கையிருப்பு, சோதனையில் நிற்பது, ஆர்டர் போட்டு இன்னும் வராதது, மாதந்தோறும் வெளியே போவது எல்லாம் ஒரே வரியில் வந்தன. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்துத்தான் அடுத்த ஆர்டர் போடலாமா என்று முடிவாகிறது. மாதச் செலவைப்போல சுமார் மூன்று மடங்கு எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்பது இவர்கள் பின்பற்றும் கணக்கு. ஒரு மாவட்டத்தில் குறைந்து பக்கத்து மாவட்டத்தில் மிஞ்சினால், புதிதாக வாங்காமல் அங்கிருந்து இங்கே வண்டியில் வரும். காலாவதி நெருங்கும் பேட்ச் முதலில் வெளியே போக வேண்டும் என்பதையும் இதே பதிவுதான் சொல்கிறது.

பாஸ்புக் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் சுகாதார நிலையத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புள்ள மருந்து என்று ஒதுக்கீடு உண்டு. மருந்து எடுக்க எடுக்க அது பாஸ்புக்கில் கழியும். பணம் சென்னையில் இருக்கிறது. எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை ஊரில் இருக்கிறவர் சொல்கிறார். அவர் கேட்பதெல்லாம் சேர்ந்துதான் அடுத்த ஆண்டு டெண்டருக்கான அளவாகிறது. ஒரு குக்கிராமத்து மருந்தாளுநரின் இண்டென்ட், அதாவது கோரிக்கைப் பட்டியல், இப்படித்தான் மாநிலத்தின் கொள்முதல் முடிவுக்குள் போய்ச் சேர்கிறது.

குளிர் அறையைத் திறந்து காட்டினார் அலுவலர். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்துகள். பேச்சு பாம்புக்கடிக்குத் திரும்பியது, நெல் வயல் மாவட்டத்தில் திரும்பாமல் இருக்காது. நம் நாட்டு எதிர்நஞ்சு நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத் தயாராவது. விஷம் ஏறியதற்கான அறிகுறி தெரிந்தால் முதல் தவணையே 8 முதல் 10 குப்பி. இங்கே சராசரி எவ்வளவு ஆபத்தானது என்று பாருங்கள். ஒரு சுகாதார நிலையத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு பாம்புக்கடி வருகிறது என்று வைத்துக்கொண்டால், மாதச் சராசரி மூன்று குப்பியைச் சுற்றி நிற்கும். மூன்று குப்பியை வைத்துக்கொண்டு, நடவு வயலிலிருந்து தூக்கி வரப்பட்டவரை எப்படிக் காப்பாற்றுவது? "இதுக்கு நாங்க சராசரியே பாக்கறதில்ல. ஒரு ஆளுக்கு முழுசாக் குடுக்கற அளவு இருக்கா இல்லையா, அதான் கேள்வி" என்றார். இல்லாவிட்டால் உயிர் போகும் மருந்துக்கு ஒரு விதி, தள்ளிப்போட முடிகிற மருந்துக்கு வேறு விதி. அதை மனிதர்கள்தான் யோசித்து வகுத்துக் கணினியிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அங்கிருந்து மருந்து ஏற்றிய வேன் ஒன்றின் பின்னாலேயே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். ஓ.பி. நேரம் முடியும் தறுவாய். மருந்து கொடுக்கும் ஜன்னலில் இன்னும் வரிசை நின்றது.

"பாட்டி, சுகர் மாத்திரை ஒரு மாசத்துக்கு இருக்கு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பிட்டப்புறம் போடுங்க, மறந்துடாதீங்க."

"பிரஷர் மாத்திரை தாயீ?"

"இந்தா, அதுவும் இருக்கு."

அந்த ஜன்னலில் இருந்த மருந்தாளுநர் அம்மா நீண்டநாள் அனுபவம் உள்ளவர். வீடு தேடிப் போய் மருந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியபின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளின் தேவை எப்படி மாறியது என்று விவரித்தார். அதுவரை வரிசைக்கு வர முடியாமல் வீட்டில் கிடந்தவர்களுக்கும் மாத்திரை போக ஆரம்பித்தது. பழைய மாதங்களின் சராசரியில் அவர்கள் இல்லவே இல்லை.

கணினிக்குப் பக்கத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தார். ஏதாவது ஒரு மருந்து தீர்ந்துபோகும் நாட்களில், அதைக் கேட்டு வந்து வெறுங்கையோடோ மாற்று மருந்தோடோ போனவர்களைத் தேதிவாரியாகக் குறித்திருந்தார். யாரும் எழுதச் சொல்லவில்லை. மழை, வெள்ளம், திடீர்க் காய்ச்சல், கம்பெனி தாமதம் என்று எந்த ஊரிலும் மருந்து சில நாள் தட்டுப்பாடாகும். அந்த நாட்களைத் தனியே எழுதி வைப்பவர்கள் குறைவு.

இந்த நோட்டின் அருமையை ஓர் எளிய கணக்கில் சொல்கிறேன். ஒரு நிலையம் நாளுக்கு 100 வீதம் மாதம் 3,000 மாத்திரை கொடுக்கிறது. மூன்றாவது மாதம் பத்தாம் நாளே இருப்பு தீர்ந்துவிட்டது. மூன்று மாதப் பதிவு: 3,000, 3,000, 1,000. சராசரி 2,333. அடுத்த இண்டென்ட் இந்த எண்ணை நம்பினால் தட்டுப்பாடு இன்னும் சீக்கிரம் வரும், வந்ததும் சராசரி இன்னும் இறங்கும். வரிசையில் நின்று திரும்பியவர்களை, தேவையே இல்லாதவர்கள் என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது. மருந்து கையில் இருந்த 70 நாட்களால் மட்டும் 7,000-ஐ வகுத்தால் நாளுக்கு 100 என்ற உண்மை திரும்பக் கிடைக்கும். ஆனால் எந்தெந்த நாளில் இருப்பு பூஜ்யம் என்பதை யாராவது பதிந்திருந்தால்தான் அப்படி வகுக்க முடியும். புதிதாக நோய் தெரிந்தவர்கள் கூடுகிறார்களா என்பதோ அந்த வகுத்தலிலும் வராது. திரும்பிப் போனவர்களை எண்ணியிருக்க வேண்டும்.

அரசு மருந்து வழங்கலுக்கு எந்த மென்பொருள் எழுதினாலும் அதில் இப்படி ஒரு கட்டம் இருந்தாக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மருந்தின் பெயர், தேதி, கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர், மாற்று கொடுத்தோமா. ஜன்னலில் இருப்பவருக்கு நாளுக்கு ஒரு நிமிட வேலை. விலையும் காலாவதியும் எவ்வளவு கவனமாகப் பதிவாகின்றனவோ அவ்வளவு கவனம் இதற்கும் வேண்டும். மாத்திரை இல்லாமல் திரும்பும் கூலித் தொழிலாளி வெளிக் கடையில் வாங்குவார், அல்லது வாங்காமலே விட்டுவிடுவார். பாதியில் நிறுத்திய சர்க்கரை மருந்து பின்னாளில் கால் புண்ணாகவும் சிறுநீரகக் கோளாறாகவும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்.

அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு ஒரு நிபந்தனை வைத்தார்.

"இல்லன்னு எழுதினா, ஏன் முன்னாடியே இண்டென்ட் போடலன்னு மெமோ வரும்னு பயம் எல்லாருக்கும் இருக்கு சார். அந்தப் பயம் போனா எல்லாருமே உள்ளத எழுதுவாங்க."

அவர் சொன்னது மென்பொருள் எழுதுகிறவர்களும் மேலே இருக்கும் அதிகாரிகளும் சேர்ந்து தீர்க்க வேண்டிய சிக்கல். அந்தக் கட்டத்தில் விழும் பதிவு நேராகக் கொள்முதல் பிரிவுக்கும் கிடங்குக்கும் போகட்டும். அதை வைத்து வண்டி அனுப்பலாம், ஆர்டரைக் கூட்டலாம். எழுதியவரிடம் விளக்கம் கேட்கும் கோப்பாக அது மாறக் கூடாது.