அறுவடையை நிறுத்திவிட்டுத் தீயணைக்க ஓடும் விவசாயிகள்

ஆஸ்திரேலிய கோதுமை வட்டாரத்தில் ஊர்த் தீயணைப்புப் படைகள் படும் பாடு

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஆல்பரி நகரத்தை விட்டு மேற்கே ரிவரைனா நெடுஞ்சாலையில் கிளம்பினால், கொஞ்ச நேரத்தில் குன்றுகள் பின்னால் போய்விடும். அதற்கப்புறம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சமவெளிதான். கோதுமை, பார்லி, மஞ்சள் பூப்பூக்கும் கனோலா, நடுநடுவே செம்மறி ஆடுகள் மேயும் புல்வெளி. தெற்கே ஓடும் மர்ரி ஆறு, விக்டோரியா மாநிலத்துக்கு எல்லை. ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் முல்வாலா கால்வாய் பாயும் இடங்களில் நெல்லும் உண்டு. மற்றதெல்லாம் வானம் பார்த்த பூமி.

இந்த வழியில் வரும் சின்ன ஊர்களில் ஒன்று, பெரிகன். மக்கள்தொகை ஆயிரத்துச் சொச்சம். ஆனால், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தீயணைப்பு வரலாற்றில் இந்த ஊருக்குத் தனி இடம் இருக்கிறது. 1900-ம் ஆண்டில், மாநிலத்தின் முதல் அதிகாரபூர்வமான காட்டுத்தீ அணைக்கும் படை இங்கேதான் தொடங்கப்பட்டது. சம்பளம் வாங்கும் வீரர்கள் யாரும் அதில் இல்லை. பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் தீயிடமிருந்து காப்பாற்ற, ஊர்க்காரர்களே கூடி ஏற்படுத்திக்கொண்ட அமைப்பு அது.

அன்று பெரிகனில் தொடங்கியது, இன்று மாநிலம் முழுக்க வளர்ந்து நிற்கிறது. 1994-ம் ஆண்டு ஜனவரியில் சிட்னியைச் சுற்றி மூண்ட பெருந்தீக்குப் பிறகு நடந்த விசாரணைகளைத் தொடர்ந்து, 1997-ல் சட்டம் போட்டு ‘ஊரகத் தீயணைப்புச் சேவை’ என்ற ஒரே அமைப்பின் கீழ் எல்லாப் படைகளையும் கொண்டுவந்தார்கள். சுமார் 2,000 படைகள், 70,000 பேர் அளவில் தன்னார்வலர்கள். மாநில நிலப்பரப்பில் 95 சதவிகிதம் இவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. நகரங்களில் மட்டும்தான் சம்பளத் தீயணைப்பு வீரர்கள். கிராமத்தில் தீப்பிடித்தால், பக்கத்து வயல்காரர்தான் சீருடையைப் போட்டுக்கொண்டு ஓடிவருவார்.

அறுவடையும் தீக்காலமும் ஒன்றாக!

ஆஸ்திரேலியாவில் பருவம் தலைகீழ். டிசம்பர், ஜனவரியில்தான் கடுங்கோடை. ஏப்ரல், மே மாதங்களில் விதைத்த கோதுமை, நவம்பர், டிசம்பரில் அறுவடைக்கு வரும். அதே நேரத்தில்தான் தீ அபாயமும் உச்சத்துக்குப் போகும். அரசாங்கக் கணக்கில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை தீ அபாயக் காலம். இந்த ஆறு மாதமும் அனுமதி வாங்காமல் குப்பையைக்கூடக் கொளுத்த முடியாது.

காய்ந்த மின்னலால் வரும் தீ ஒருபக்கம் என்றால், அறுவடை இயந்திரத்திலிருந்து கிளம்பும் தீ இன்னொரு பக்கம். சைலன்சர், டர்போ போன்ற சூடான பாகங்களில் பதரும் தூசியும் படிந்து புகைய ஆரம்பிக்கும். கிரீஸ் வற்றிய பேரிங் சூடேறிப் பொறி பறக்கும். அந்தப் பொறி கீழே முறுகிக் கிடக்கும் தாளில் விழுந்தால் போதும். கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு போன்ற பயறு வகைகளை அறுக்கும்போது கிளம்பும் தூசி இன்னும் சுலபமாகப் பற்றிக்கொள்ளும். பலத்த காற்று இருந்தால், புல்வெளித் தீ மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. பக்கத்து நகரத்திலிருந்து வண்டி வரும்வரை காத்திருந்தால், பல நூறு ஏக்கர் கரியாகிவிடும்.

அதனால், அறுவடை நாள்களில் வயலோரம் ஒரு பிக்கப் வண்டி நிற்பதைப் பார்க்கலாம். பின்புறம் சில நூறு லிட்டர் பிடிக்கும் தண்ணீர்த் தொட்டி, பெட்ரோல் பம்ப், சுருட்டி வைத்த ஹோஸ். இது விவசாயியின் சொந்த வண்டி. பெரும்பாலும், முதலில் தண்ணீர் அடிப்பது இந்த வண்டிதான். 3,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும் படையின் டேங்கர் அடுத்து வந்து சேரும். அந்த டேங்கரை ஓட்டி வருபவரும், பக்கத்தில் தன் அறுவடை இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்த இன்னொரு விவசாயியாகத்தான் இருப்பார். பயிர் முற்றி நிற்கும். மழை வந்தால் தானியத்தின் தரம் போய்விடும். அந்த நேரத்தில் அடுத்தவர் வயலுக்காக ஒருநாளை விட்டுக்கொடுப்பது சின்ன விஷயம் இல்லை.

குறையும் கைகள்

நூறு வருடங்களுக்கு மேல் இந்த ஏற்பாடு ஓடியதற்குக் காரணம், ஒவ்வொரு வயலிலும் ஆள்கள் இருந்ததுதான். இப்போது அங்கேதான் சிக்கல். சின்னப் பண்ணைகளைப் பெரிய பண்ணைகள் வாங்கிவிட்டன. நாலைந்து குடும்பங்கள் உழுத நிலத்தை இப்போது ஒரே குடும்பம், பெரிய டிராக்டர், அகலமான அறுவடை இயந்திரங்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறது. நிலத்தின் பரப்பு அப்படியே இருக்கிறது, தீயும் குறையவில்லை. ஆனால், ஹோஸைப் பிடிக்கக் கை குறைந்துவிட்டது. ஆஸ்திரேலிய விவசாயிகளின் சராசரி வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் படிக்கவும் வேலைக்கும் நகரத்துக்குப் போய்விடுகிறார்கள்.

ஊரில் இருப்பவர்களிலும் பலர் பக்கத்து நகரத்தில் வேலை பார்ப்பவர்கள். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தீப்பிடித்தால், அவர்களால் உடனே வர முடியாது. அறிவிக்கப்பட்ட அவசர காலத்தில் தீயணைக்கப் போனவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று சட்டம் பாதுகாக்கிறது. ஆனால், போன நாளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. சொந்தமாகப் பண்ணையம் பார்ப்பவருக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

லிண்டன் சொல்லிக்கொடுத்த பாடம்

ஆள் கிடைத்தால் மட்டும் போதாது, அவருக்குப் பயிற்சியும் வேண்டும். இதை உணர்த்திய இடம், மர்ரி ஆற்றுக்குத் தெற்கே விக்டோரியா மாநிலத்தில் இருக்கும் லிண்டன். 1998 டிசம்பர் 2-ம் தேதி அங்கே எரிந்த காட்டுத்தீயில், ஒரே டேங்கரில் இருந்த ஐந்து தன்னார்வலர்கள் இறந்தார்கள்.

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் கோடை நாளில் வடக்கிலிருந்து வெப்பக்காற்று வீசும். பிறகு திடீரென்று தென்மேற்கிலிருந்து குளிர்காற்று திரும்பும். அதுவரை நீளமாக, அமைதியாக எரிந்துகொண்டிருந்த தீயின் பக்கவாட்டு விளிம்பு முழுக்க, சில நிமிடங்களில் தீயின் முகப்பாக மாறிப் பாயும். அந்த விளிம்புக்குப் பக்கத்தில், இன்னும் எரியாத இடத்தில் நிற்பவர்கள் தப்புவது கடினம். லிண்டனில் நடந்தது அதுதான். அதற்கப்புறம், அடிப்படைப் பயிற்சி முடிக்காத யாரும் தீ முன்னால் போகக் கூடாது, டேங்கரில் இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதியை வண்டியில் இருப்பவர்களின் உயிரைக் காக்க ஒதுக்கி வைக்க வேண்டும் என்ற நடைமுறைகள் இறுகின.

இவை உயிர் காக்கும் விதிகள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால், விதி கூடக் கூட, வகுப்பு, சான்றிதழ், காகித வேலை எல்லாம் கூடுகின்றன. பகலெல்லாம் வயலில் நின்றவர் சாயங்காலம் பயிற்சிக்குப் போக வேண்டும். ‘நாற்பது வருஷமா தீயை அணைக்கிறேன், எனக்கெதுக்குச் சான்றிதழ்?’ என்று கேட்கும் வயதானவர்களும் உண்டு. அவர்கள் ஒதுங்கிக்கொண்டால், எந்தக் காற்றுக்கு எந்தப் பள்ளத்தில் தீ எப்படித் திரும்பும் என்ற உள்ளூர் அறிவும் சேர்ந்து போய்விடும்.

2019-20: சோதித்துப் பார்த்த கோடை

இந்தச் சுமை எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது, 2019-20 கோடையில். நியூ சவுத் வேல்ஸில் மட்டும் சுமார் 55 லட்சம் ஹெக்டேர், அதாவது ஒரு கோடியே 35 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. 2,400-க்கும் அதிகமான வீடுகள் அழிந்தன. ஆல்பரிக்குக் கிழக்கே, மர்ரி ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் ஜிஞ்செலிக் பக்கம் 2019 டிசம்பர் 30 அன்று, தீயே உருவாக்கிய சூறைக்காற்று, பல டன் எடையுள்ள தீயணைப்பு வண்டியைக் கவிழ்த்துவிட்டது. அதில் ஓர் இளம் தன்னார்வலர் உயிரிழந்தார். அதற்குப் பதினொரு நாள் முன்னால்தான், சிட்னிக்குத் தென்மேற்கே மரம் விழுந்து வண்டி கவிழ்ந்ததில் இன்னும் இரண்டு பேர் இறந்திருந்தார்கள்.

வழக்கமாக ஒரு தீ, இரண்டு நாள் வேலை. அந்தக் கோடையில் பலர் வாரக்கணக்கில் வீடு திரும்பவில்லை. வருமானம் இல்லாமல் எத்தனை நாள்தான் போவார்கள் என்ற கேள்வி எழுந்தது. முதலில் தயங்கிய மத்திய அரசு, டிசம்பர் கடைசியில் இறங்கிவந்தது. பத்து நாள்களுக்கு மேல் களத்தில் நின்ற, சுயதொழில் செய்யும் அல்லது சிறு, நடுத்தர நிறுவனங்களில் வேலை செய்யும் தன்னார்வலர்களுக்கு நாளுக்கு 300 டாலர் வரை, மொத்தம் 6,000 டாலர் வரை தரப்படும் என்று அறிவித்தது. இதைப் பலர் வரவேற்றார்கள். ‘காசுக்காகவா வந்தோம்?’ என்று சங்கடப்பட்டவர்களும் இருந்தார்கள்.

பொதுமக்கள் பணமும் குவிந்தது. நகைச்சுவை நடிகை செலஸ்ட் பார்பர் திரட்டிய நிதி மட்டும் 5 கோடியே 10 லட்சம் டாலர். ஆனால், அது போய்ச் சேர்ந்தது ஊரகத் தீயணைப்புப் படைகளுக்கான அறக்கட்டளைக்கு. வீடிழந்தவர்களுக்கும் மற்ற மாநிலப் படைகளுக்கும் அதைப் பங்கிட முடியுமா என்ற வழக்கில், அறக்கட்டளை விதிப்படி முடியாது என்று 2020 மே மாதம் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பயிற்சி, கருவிகள், இறந்த மற்றும் காயமடைந்த தன்னார்வலர்களின் குடும்பங்களுக்கு உதவி ஆகியவற்றுக்குச் செலவு செய்யலாம் என்றும் அந்தத் தீர்ப்பில் தெளிவானது.

வண்டி யாருடையது?

பணம் ஒருபக்கம் வந்தாலும், படை வண்டிகள் யார் சொத்து என்ற சண்டை இன்னொரு பக்கம் தொடர்கிறது. 1997-ம் ஆண்டுச் சட்டப்படி, வண்டிகளும் கருவிகளும் உள்ளாட்சி மன்றங்களின் சொத்து. ‘வாங்குவதும், அனுப்புவதும், திரும்பப் பெறுவதும் மாநில அமைப்பு. ஆனால், எங்கள் கணக்குப் புத்தகத்தில் காட்டி, தேய்மானச் செலவையும் நாங்களே எழுத வேண்டுமா?’ என்பது உள்ளாட்சிகளின் கேள்வி. சாலைக்கும் குடிநீருக்கும் பணம் தேடும் சின்ன ஊராட்சிகளுக்கு இந்தத் தேய்மானக் கணக்கு பெரிய தலைவலி.

கூடவே, விவசாயிகளின் சொந்தப் பிக்கப் வண்டிகளை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்ற கேள்வியும் இருக்கிறது. ரேடியோ இல்லாமல், யாரிடமும் சொல்லாமல் புகைக்குள் நுழையும் வண்டி, டேங்கர்காரர்களுக்கும் ஆபத்து. அவற்றைத் தடுத்தால் தீயை முளையிலேயே அணைக்கும் வாய்ப்பு போய்விடும். தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் இதற்கு நடுவழி கண்டிருக்கிறார்கள். பண்ணைத் தீயணைப்பு வண்டிகளுக்கென்று வழிகாட்டி விதிகள் வகுத்து, எப்படிப்பட்ட உடை, என்ன கருவி, யாரோடு தொடர்பில் இருக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் தீ அபாய அளவு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால், அறுவடையை நிறுத்த வேண்டும் என்ற விதியும் அங்கே இருக்கிறது. தீப்பிடித்த பிறகு ஆள் தேடுவதைவிட, இரண்டு மணி நேரம் இயந்திரத்தை நிறுத்துவது லாபம் என்பது அனுபவத்தில் வந்த கணக்கு.

ரிவரைனாவில் இயந்திரம் வயலில் இறங்கும்முன் செய்யும் வேலைகளும் அதே கணக்கில் வருபவைதான். சைலன்சரைச் சுற்றிப் படிந்த தூசியைக் காற்றடித்துச் சுத்தம் செய்வது, பேரிங்குகளில் சூடு பார்ப்பது, வயலைச் சுற்றித் தாளில்லாமல் உழுது தீத்தடுப்புப் பட்டை போடுவது, பம்பை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. இவற்றோடு, இந்தக் கோடையில் பகல் நேரத்தில் யார் யார் ஊரில் இருப்பார்கள் என்று படைத் தலைவர் விசாரித்து வைத்துக்கொள்வதும் இப்போது முக்கியமான வேலையாகிவிட்டது. வண்டியைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். அழைத்தவுடன் அதில் ஏறக்கூடியவர் ஊரிலேயே குடியிருக்க வேண்டும்.