ஹவுரா பாலத்தை ஏன் இடிக்கவில்லை

லேக் மார்க்கெட், கொல்கத்தா

அன்புள்ள மீனாவுக்கு,

போன வாரம் போனில் ஒரு கேள்வி கேட்டாய். மாண்ட்ரியலில் 1962-இல் கட்டிய சாம்ப்ளேன் பாலத்துக்குப் பக்கத்திலேயே 2019-இல் புதுப் பாலம் திறந்ததையும், அப்புறம் பழையதைத் துண்டு துண்டாகக் கழற்றி எடுத்ததையும் சொல்லிவிட்டு, "57 வருஷத்துப் பாலத்தையே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். 80 வயது தாண்டிய ஹவுரா பாலத்தை நீங்கள் ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் பெரியப்பா?" என்றாய். அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. நாலு நாள் யோசித்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

ஹவுரா பாலமே ஒரு பழைய பாலத்தை அகற்றிவிட்டுக் கட்டியதுதான். உன் தாத்தா 1938-இல் ஸ்ரீரங்கத்திலிருந்து பெட்டியும் படுக்கையுமாக ஹவுரா ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது, அவர் நடந்து கடந்தது இந்தப் பாலத்தை அல்ல. அப்போது இருந்தது மிதவைப் பாலம். பிராட்ஃபோர்டு லெஸ்லி என்ற எஞ்சினீயர் கட்டி, 1874 அக்டோபரில் திறந்தது. 1,528 அடி நீளம், 62 அடி அகலம். ஆற்றில் வரிசையாக மிதவைகள், அவற்றின் மேல் பாதை. கப்பல் போக வேண்டுமானால் நடுவில் 200 அடித் துண்டை விலக்குவார்கள். "பாலம் திறந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் நாங்கள் தலையில் கை வைத்துக்கொள்வோம். கப்பலுக்குத் திறந்திருக்கிறது என்றால் நமக்கு மூடியிருக்கிறது என்று அர்த்தம்" என்பார் தாத்தா. இந்தக் கரையில் ஆபீஸ், அந்தக் கரையில் ரயில், நடுவில் விலகி நிற்கிற பாலம்.

அந்தப் பாலத்தை எடுத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கட்டி முடிப்பதற்கு முன்பே, 1874 மார்ச்சில் அடித்த புயலில் எகேரியா என்ற கப்பல் கட்டறுத்துக்கொண்டு வந்து மோதி 200 அடியைச் சிதைத்தது. பிற்பாடு ஊர் பெருகியது, மாட்டுவண்டிகள் பெருகின, கப்பல்களும் பெருகின. ஆற்றையும் சாலையையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்க முடியாத பாலத்தை எப்படிப் பராமரித்தாலும் அந்தக் குறை தீராது. ஆனாலும் அவசரப்பட்டு இடித்துவிடவில்லை. 1906-இலிருந்து கமிட்டி மேல் கமிட்டி. 1921-இல் சர் ராஜேந்திரநாத் முகர்ஜி தலைமையில் ஒன்று. 1926-இல் ஹவுரா பாலத்துக்கென்றே தனிச் சட்டம். எல்லோரையும் உறுத்தியது ஒரே கவலை: ஆற்றுக்குள் தூண் நட்டால் வண்டல் சேர்ந்து துறைமுகம் மேடாகிவிடும். அதனால்தான் இன்றைய பாலத்துக்கு ஆற்றில் ஒரு தூண்கூடக் கிடையாது. கரைக்கு ஒன்றாக 280 அடி உயரத்தில் இரண்டு கோபுரங்கள், இடையில் 1,500 அடி வெறும் ஆகாயம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று கைகளை நீட்டி, நடுவில் ஒரு பலகையைத் தாங்கிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள். அதுதான் காண்டிலீவர். வண்டி ஓடுகிற தளம் மேலேயுள்ள சட்டகத்திலிருந்து 39 ஜோடித் தொங்குசட்டங்களில் தொங்குகிறது.

ரென்டல், பால்மர் அண்ட் டிரிட்டன் கம்பெனி வரைபடம் போட்டது. 1936-இல் வேலை தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து இரும்பு வரும் என்று இருந்தார்கள். உலகப் போர் வந்து அது நின்றது. மொத்தம் 26,500 டன் எஃகில் 23,000 டன்னை ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஆலை வார்த்துக் கொடுத்தது. கொல்கத்தாவின் பிரெய்த்வெய்ட், பர்ன், ஜெசாப் பட்டறைகளில் அதை வெட்டித் துளையிட்டு உருவாக்கினார்கள். 1942 டிசம்பரில் ஜப்பான்காரன் இந்த ஊரில் குண்டு போட்டான். அதனால் 1943 பிப்ரவரி 3-ஆம் தேதி ஆரவாரம் எதுவுமில்லாமல் பாலத்தைத் திறந்துவிட்டார்கள். முதலில் கடந்தது ஒரு டிராம் வண்டி.

பாலம் முழுக்க நட்டு போல்ட்டு கிடையாது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். எல்லாம் ரிவெட். நான் 34 வருஷம் ஹவுராவில் ஒரு வார்ப்பட ஆலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். பட்டறையில் ரிவெட் அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருவன் உலையிலிருந்து செக்கச்செவேலென்று பழுத்த ஆணியை இடுக்கியால் எடுத்து நீட்டுவான். இன்னொருவன் அதைத் துளையில் செருகிப் பின்னாலிருந்து முட்டுக் கொடுப்பான். மூன்றாமவன் மறுமுனையை அடித்து உருண்டைத் தலையாக்குவான். அதோடு வேலை முடிந்ததாக நினைக்காதே. ஆணி ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது இரண்டு தகடுகளையும் இழுத்து நெருக்கும். அடித்த கைகள் போன பிறகும் இரும்பே இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். பாலத்து நடைபாதையில் போகும்போது அந்த உருண்டைத் தலைகளைத் தொட்டுப் பார்ப்பேன். எத்தனையோ தடவை பெயிண்ட் அடித்து அடித்து வழவழவென்று இருக்கும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உங்கள் ஊர்ப் பாலத்தை எது தின்றது? பனி உருகுவதற்காகச் சாலையில் கொட்டிய உப்பு. கான்கிரீட்டுக்குள் இறங்கி உள்ளே இருக்கிற கம்பியை அரித்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத நோய், உள்ளே கைவிட்டுச் சரிசெய்வது கஷ்டம். ஹவுரா பாலத்தில் எலும்பெல்லாம் வெளியே தெரிகிறது. துரு எங்கே பிடித்தாலும் பார்க்கலாம், சுரண்டலாம், அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். 2005 ஜூனில் ஏற்ற நீரில் ஒரு சரக்குக் கப்பல் பாலத்தடியில் சிக்கி அடிப்பக்கத்து உத்திரங்களைச் சிதைத்தது. அந்த உத்திரங்களைத்தான் பழுதுபார்த்தார்கள். பாலத்தை யாரும் கைவிடவில்லை.

ஆனால் இங்கேயும் உப்புக்கு ஓர் அண்ணன் உண்டு. எச்சில். தொங்குசட்டங்களின் அடிப்பாகத்தில், நடைபாதை மட்டத்தில், வெற்றிலையும் குட்காவும் மென்று துப்பித் துப்பியே காப்புத் தகட்டை அரித்துவிட்டார்கள். 2007-இல் 6 மில்லிமீட்டர் இருந்த தகடு 2011-இல் 3 மில்லிமீட்டர் ஆகியிருந்தது. ஜப்பான் குண்டுக்குத் தப்பிய பாலம், மீனா! அதன் பிறகு துறைமுகக் கழகம் அடிப்பாகங்களுக்கு ஃபைபர் கிளாஸ் உறை போட்டது. உறையின் மேலும் சிவப்புக் கறை இருக்கிறது. போன மாதம்கூடப் பார்த்தேன். எனக்கு அது கோபத்தைவிட அதிகமாக வேதனையைத் தருகிறது. தினமும் ஒரு லட்சம் வண்டிகளும், அதற்கு மேல் நடந்து போகிற ஜனங்களும் இந்தத் தொங்குசட்டங்களை நம்பித்தான் ஆற்றைக் கடக்கிறார்கள்.

இந்தப் பாலம் இன்றும் நிற்பதற்கு இன்னொரு முக்கியமான காரணம், அதன் தலையிலிருந்து பாரத்தை இறக்கி வைத்ததுதான். 1992 அக்டோபரில் ஆற்றின் கீழ்ப்போக்கில் வித்யாசாகர் சேது என்ற இன்னொரு பாலம் திறந்தது. 1993-இல் ஹவுரா பாலத்தில் டிராமை நிறுத்தினார்கள். அந்த டிராமில் 20 வருஷம் வேலைக்குப் போய்வந்த எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அது சரியான முடிவு. 2024 மார்ச்சில் ஆற்றுக்கு அடியிலேயே மெட்ரோ ஓடத் தொடங்கியது. வயசானவரிடம் மூட்டை தூக்கச் சொல்லாமல் வீட்டில் வைத்துக்கொள்வது போலத்தான் இதுவும்.

பாரத்தைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் இதே ஊர் பார்த்தது. 2018 செப்டம்பர் 4-ஆம் தேதி மாலை மாஜேர்ஹாட் பாலம் இடிந்து மூன்று பேர் செத்துப்போனார்கள். ஹவுரா பாலத்தைவிட இருபது வயதாவது சின்னப் பாலம் அது. அதை இடித்துவிட்டு 2020 டிசம்பரில் புதுப் பாலம் திறந்தார்கள். அங்கே இடித்ததுதான் நியாயம்.

உனக்கு நான் காட்ட விரும்புகிற பாலம் வேறொன்று. வடக்கே பாலிக்கும் தட்சிணேஸ்வரத்துக்கும் நடுவில் விவேகானந்தா சேது. 1931-இல் வில்லிங்டன் பாலம் என்ற பெயரில் திறந்தது. ரயிலும் சாலையும் சேர்ந்தே போகும். நெடுஞ்சாலை லாரிகளைத் தாங்க முடியாமல் அது தளர்ந்தபோது இடிக்கவில்லை. சில பத்து மீட்டர் தள்ளி நிவேதிதா சேது என்று புதிதாகக் கட்டி 2007-இல் திறந்தார்கள். கனரக வண்டிகள் புதுப் பாலத்துக்குப் போயின. ரயில் பழைய பாலத்திலேயே ஓடுகிறது. புதுப் பாலத்தின் கம்பிகளைத் தாங்கும் தூண்களைத் தட்சிணேஸ்வரம் காளி கோயிலின் உயரத்துக்கு மேலே போகாமல் வேண்டுமென்றே தாழ்வாக வைத்திருக்கிறார்கள். படகில் போனால் கோயில்தான் முதலில் கண்ணில் படும். பழையதுக்குப் பக்கத்தில் புதியது எப்படி நிற்க வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் கைகாட்டுவேன்.

இடிக்காமல் விட்டால் மட்டும் போதாது என்பதற்கு நம் சொந்த ஊர் ஸ்ரீரங்கமே சாட்சி. திருவானைக்காவலுக்கும் நம்பர் ஒன் டோல்கேட்டுக்கும் நடுவில் கொள்ளிடத்தின் மேல் 1928-இல் கட்டிய பழைய பாலம் இருந்தது. சின்ன வயசில் உன் அப்பாவும் நானும் லீவுக்குப் போகும்போதெல்லாம் அதில் நடந்திருக்கிறோம். பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும் பழையதில் வண்டிகளை நிறுத்தினார்கள். காலை நடைக்கு ஜனங்கள் போய்வந்தார்கள். பாலம் அப்படியே இருக்கிறதே என்று எல்லோரும் திருப்தியாக இருந்துவிட்டோம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்தன. ஓய்வு கொடுத்த பாலத்துக்கும் அடித்தளத்தைப் பார்க்க ஆள் வேண்டும், பெயிண்டுக்குக் காசு வேண்டும். ஹவுரா பாலத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் அடிக்க 26,000 லிட்டர் தேவை. அந்தச் செலவைச் செய்ய மனம் இல்லாத ஊர், பழைய பாலத்தை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான். செய்ய வேண்டிய வேலையைச் செய்யவே முடியாத பாலத்தை எடுத்துவிடலாம். மிதவைப் பாலத்தை எடுத்தது போல. வேலை செய்துகொண்டிருக்கிற, பார்த்துச் சரிசெய்யக்கூடிய பாலத்தை அகலம் போதவில்லை என்பதற்காக இடிக்கக் கூடாது. அகலம் வேண்டுமானால் பக்கத்தில் இன்னொன்று கட்டிக்கொள்ளட்டும்.

டிசம்பரில் நீ வரும்போது விடியற்காலை ஐந்து மணிக்கு உன்னைக் கிளப்பிவிடுவேன். கொல்கத்தாக் கரையில், பாலத்துக்கு அடியிலேயே மல்லிக் காட் பூச்சந்தை. சாமந்தியை மலைப்பாம்பு போலச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஆட்கள் படியேறி வருவார்கள். பெரியம்மாவுக்குப் பூ வாங்கிக்கொண்டு, அந்தக் கரைவரைக்கும் நடந்து போய்த் திரும்பலாம். தொங்குசட்டத்தின் அடியில் உறையைக் காட்டுகிறேன். நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு வா.

அன்புடன்,
பெரியப்பா