மணலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு காற்று பம்ப்

அபுதாபியின் லிவா மணல்மேடுகளில் ஏற, ஜீப்காரர்கள் டயரில் இருக்கும் 35 பி.எஸ்.ஐ. காற்றை 15க்கு இறக்கிவிடுவார்கள். டயர் அகலமாகப் படிந்து, மணலில் புதையாமல் ஓடும். இறக்க ஒரு குச்சி போதும், திரும்ப அடிப்பதுதான் கதையே! சோம்பல்பட்டு அப்படியே நெடுஞ்சாலையில் 120ல் பறந்தால், டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். வண்டி உருளும்.

சரி, எதை வாங்குவது? அட்டைப்பெட்டியில் "150 பி.எஸ்.ஐ." என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். மயங்காதீர்கள், அது நல்ல சைக்கிள் பம்பாலும் முடியும் :-) பார்க்க வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை. பெரிய டயர் ஒன்றை 15லிருந்து 35க்கு ஏற்ற சுமார் 100 லிட்டர் காற்று வேண்டும், நான்குக்கு 400. அந்த லிட்டர் கணக்கும் டயரில் மாட்டாமல் அளந்தது. அழுத்தம் ஏற ஏறக் குறையும். சிகரெட் லைட்டரில் செருகும் சின்னது இரண்டாவது டயரிலேயே கொதித்து ஓய்வு கேட்கும். 30 ஆம்பியர் இழுப்பதை அங்கே செருகினாலோ ஃபியூஸ் போய்விடும். பேட்டரியிலேயே கவ்வி மாட்டுகிற வகைதான் உருப்படி. அடிக்கும்போது எஞ்சின் ஓடட்டும்.

குழாய் பின் டயர்வரை எட்டுமா என்று கடையிலேயே அளந்துவிடுங்கள். பேட்டரி முன்னால் அல்லவா இருக்கிறது!