பரிசல் ஏறுமுன்

காவிரியில் பரிசல் ஏறித் தூண்டில் போடுவது என்ற யோசனை நம்முடையதன்று. ஓசூரில் இயந்திரத் தொழிற்சாலையொன்றில் உத்தியோகம் பார்க்கும் நண்பருடையது. கிருஷ்ணகிரியில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் போதித்து வரும் நமக்கு ஏரியும் கிணறும் பழக்கம், ஆறு பழக்கமில்லை. ஆயினும் ஆடி மாதத்தில் இரண்டு நாள் விடுமுறை கிடைத்தது. பதினோரு வயது மருமகப் பிள்ளையும் "நானும் வருவேன், மாமா" என்று ஒற்றைக்காலில் நின்றான்.

பதினைந்து நாள் ஆயத்தம் நடந்தது. நண்பர் தூண்டிற்கோலும், இறகையும் நூலையும் முடிச்சிட்டுப் பூச்சி போலச் செய்த போலி இரைகளும் வாங்கினார். நாமோ வழக்கப்படி புத்தகத்தைத் தேடினோம். சென்னை மாகாண சிவில் அதிகாரியாக இருந்த எச். எஸ். தாமஸ் என்பவர் 1873-இலேயே இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். காவிரியின் பொம்மீனைத் தேடித் துரைமார்கள் வெகு தூரத்திலிருந்து வந்தார்களாம்.

நிற்க. அந்த மீனின் பிற்காலச் சரித்திரத்தையும் படித்தோம். செந்நிறத் துடுப்பும் முதுகில் திமிலும் கொண்ட காவிரிப் பொம்மீனை, அடியோடு அழியும் அபாயத்திலுள்ள இனமென்று 2018-இல் உலகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இக்கரைக் காடுகளில் பெரும்பகுதி 2014-லும் 2022-லும் வனவிலங்குச் சரணாலயங்களாயின. நண்பர் ஒரு பெருமூச்சு விட்டார். தூண்டிற்கோல் பரணுக்குப் போயிற்று. பரிசல் மட்டும் மிஞ்சியது.

ஓசூரின் ஆலைப் புகை மறைந்து, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி கடந்து, யானை நடமாடும் காட்டுச் சாலையில் இறங்கினால் ஒகேனக்கல். அங்கே ஆறுதான் எல்லை. அக்கரை கன்னட நாடு. பெயரே கன்னடந்தான்: புகையும் கல். மாலையில் பரிசல்காரப் பெரியவரைக் கண்டு நம் ஆயத்தங்களை ஒவ்வொன்றாகச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க, வாத்தியாரய்யா. பையனுக்கு நீச்சல் தெரியுங்களா? பிலிகுண்டுலுல இன்னிக்கு எத்தனை கன அடி?"

இரண்டிற்கும் நம்மிடம் விடையில்லை.

அவர் விளக்கினார். இங்கே வானம் வெளுத்திருக்கலாம். ஆனால் குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டினால் கிருஷ்ணராஜசாகரமும் கபினியும் நிரம்பும். திறந்துவிட்ட நீர் பாறைகளுக்கிடையே ஓடி இவ்விடம் வந்து சேரும். எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அதை அளக்கிறார்கள். நீர் செம்மண் நிறமாகிச் சுள்ளியும் நுரையும் மிதந்து வந்தால் கணக்குப் பார்க்கவே வேண்டாம். பரிசலில் மிதவைச் சட்டையை இறுகக் கட்டி, பாரம் ஒரு பக்கம் சாயாமல் வட்டமாக உட்கார வேண்டும். எழுந்து நிற்கக் கூடாது. பாறையைக் கையால் பற்றக் கூடாது.

விடிந்ததும் ஆற்றங்கரைக்கு ஓடினோம். முந்திய மாலையில் வெளியே தெரிந்த பாறைகளைக் காணோம், நீர் சிவந்திருந்தது. பரிசல் விடத் தடை என்று அறிவித்துவிட்டார்கள். பையன் விம்மினான். அச்சமயம் ஒருவன் நெருங்கி, இன்னும் சிறிது பணம் கொடுத்தால் மறைவான துறையிலிருந்து அழைத்துப் போவதாகக் காதோடு சொன்னான். நண்பர் நம் முகத்தைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், நம் மனமும் ஒரு கணம் சலித்தது. பதினைந்து நாள் ஆயத்தமல்லவா?

பெரியவர் தம் பரிசலைக் கரையில் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். அன்றைய கூலி அவருக்குப் போயிற்று. ஆனால் ஆற்றைக் கோபிக்கவில்லை. அதைக் கண்டதும் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினோம்.

புறப்படுமுன் அவரிடம் பணம் நீட்டினோம். "சும்மா வேண்டாங்க" என்றார். "அடுத்த தடவைக்கு அச்சாரம்" என்றதும் வாங்கிக்கொண்டார்.

இப்போது வீட்டில் ஆயத்தம் மறுபடியும் நடக்கிறது. இம்முறை கடைக்குப் போகவில்லை. மாமனும் மருமகனும் கிணற்றில் நீச்சல் பழகுகிறோம்.