இரண்டாவது கியர்

வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை, காடியில் கியர் விழமாட்டேங்குது என்றார் அப்பா. சுங்கை சிப்புட் பக்கம், இப்போது செம்பனையாகிவிட்ட ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் லோரி ஓட்டியவர். ஆட்டோ காடியைப் பொம்மை என்பார். ஈப்போவில் வொர்க்‌ஷாப்காரர்கள் கோளாறே இல்லை என்றுவிட்டார்கள்.

நானே பார்த்தேன். எஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டால் எல்லா கியரும் வழுக்கிக்கொண்டு விழுந்தன. எஞ்சின் ஓடும்போதுதான் இரண்டாவது முரண்டு பிடித்தது, ரிவர்ஸ் கரகரத்தது. அப்படியென்றால் சந்தேகம் கியர்பெட்டி மேல் இல்லை, கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. பெடலுக்கு அடியில் மேட் சுருண்டிருந்தாலும் இப்படி ஆகும். உருவிப் போட்டேன். அப்பா மிதித்தால் அப்போதும் கரகரப்பு. நான் மிதித்தால் சத்தமே இல்லை.

அவருடைய இடது காலைப் பார்த்தேன். பெடல் கடைசி இரண்டு அங்குலம் இறங்கவில்லை. முழங்கால் நடுங்கியது.

"மேட்டுதாம்பா பிரச்சினை" என்றேன்.

"அதானே, நமக்குத் தெரியாத கியரா" என்றவர், சாவியை என்னிடம் நீட்டினார்.